ஆள் புழங்கும் அறை

ஆய்வாளர் பதினோரு மணிக்கு வந்துவிடுவார் என்றுதான் சொன்னார்கள். பதினொன்றேகால் ஆகிவிட்டது. பதினொன்றேகால் என்பது ஒரு தாமதமா என்ன, அரசாங்க ஆபீஸில் அதற்கும் பதினொன்று என்றுதான் பெயர் என்று செண்பகவல்லி தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மாத்திரை கொடுத்தது ஒன்பதே முக்காலுக்கு. அதிலிருந்து மூன்று மணி நேரம், அப்படியென்றால் பன்னிரண்டே முக்கால் வரை வீட்டில் அவர் எழுந்திருக்க மாட்டார். நகராட்சி ஆபீஸிலிருந்து வீட்டுக்கு ஆட்டோவில் பன்னிரண்டு நிமிஷம், பஜாரில் கூட்டமாக இருந்தால் இருபது, ஆக பன்னிரண்டு இருபதுக்குக் கிளம்பினால்கூடப் போதும், இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது, ஒரு மணி நேரத்தில் ஒரு கையெழுத்து ஆகாதா. நகரமைப்புப் பிரிவு என்று எழுதிய கதவுக்கு வெளியே போட்டிருந்த இரும்பு பெஞ்சில் மடியில் ஃபைலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஃபைலுக்குள் நீல மையில் வரைந்த பிளான், நான்காக மடித்தது, மடிப்பு விழுந்த இடத்தில் அந்த அறை இருந்தது, திறந்து திறந்து பார்த்ததில் அந்த இடம் மட்டும் வெளுத்துக் கிழியப் பார்த்தது. கணக்கு சரியாகத்தான் இருக்கிறது என்று நினைத்தபோதே அது மறுபடியும் இடறியது. மூன்று மணி நேரம் என்பது ஒரு மாத்திரைக்கு. இன்று கொடுத்தது ஒன்றரை. டாக்டர் எழுதியது ஒன்று, அவளாக ஒரு மாத்திரையைக் கத்தி முனையில் வைத்து உடைத்து அரையைச் சேர்த்துக் கொடுத்தாள், அது இட்லியோடு போயிற்று, சட்னி தொட்டு அவளே ஊட்டினாள், அவர் வாயைத் திறந்து திறந்து வாங்கிக்கொண்டார். ஒன்றரைக்கு எத்தனை மணி நேரம்? நாலரையா? அப்படி மணி நேரமாகத்தான் கூடுமா, இல்லை வேறு எதுவாகவாவது கூடுமா? டாக்டரிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் ஏன் என்று கேட்டிருப்பார். ஒரு நாள் காலையில் மூன்று மணி நேரம் எனக்கு வேண்டும் டாக்டர் என்று சொல்லியிருக்க வேண்டும். அதைச் சொல்ல எவ்வளவு வெட்கமாக இருக்கிறது, அறுபத்திரண்டு வயதில், கட்டின புருஷனிடமிருந்து மூன்று மணி நேரம்.

வழக்கமாகப் பக்கத்து வீட்டு ஜெபராணி டீச்சர் வந்து உட்கார்ந்துகொள்வாள். டீச்சர் இருந்தால் அவர் பரம சாதுவாக இருப்பார், டீச்சர் பேப்பர் திருத்திக்கொண்டிருக்க அவர் எதிரே உட்கார்ந்து ஒவ்வொரு தாளாக எண்ணி அடுக்கிக் கொடுப்பார். டீச்சருக்கு இன்றைக்குப் பரீட்சை டியூட்டி, நேற்று சாயங்காலம்தான் சொன்னாள், "அக்கா, நாளைக்கு மட்டும் என்னால முடியாதுக்கா, வேற நாள் வச்சுக்கிடுங்க." வேறு நாள் கிடையாது. இன்றைக்கு விட்டால் ஆய்வாளர் பத்து நாள் பயிற்சிக்கு வெளியூர் போகிறார் என்று இன்ஜினியர் ஐசக் போனில் சொல்லியிருந்தான். அதனால் படுக்கையறையில் அவரைப் படுக்கவைத்து, ஃபேனை நாலில் வைத்து, தெருப்பக்கத்து ஜன்னலைச் சாத்திவிட்டு, அறைக்கதவை வெளியே தாழ்ப்பாள் போட்டு, வாசல் கதவையும் பூட்டிக்கொண்டு வந்தாள். ஜன்னலை ஏன் சாத்தினாய்? வெயில் அடிக்கும் என்று. இல்லை, எழுந்துவிட்டால் கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருவில் போகிறவர்களை டிக்கெட் கேட்பார் என்று. போன மாதம் ஒரு மீன்காரியிடம் கேட்டு, அவள் பயந்துபோய்க் கூடையைக் கீழே வைத்துவிட்டு நின்றாள். வேலாயுதம் முப்பத்தொரு வருஷம் அரசு பஸ்ஸில் இருந்தவர், கண்டக்டராகச் சேர்ந்து, கடைசிப் பதினோரு வருஷம் செக்கிங் இன்ஸ்பெக்டர். நடுவழியில் கையைக் காட்டி நிறுத்தி ஏறுவார், பஸ்ஸே அமைதியாகிவிடும் என்று அவரே சொல்வார், பெருமையாக இல்லை, இன்றைக்கு மழை பெய்தது என்று சொல்கிற மாதிரி. நாலு வருஷமாக ஒவ்வொன்றாக மறந்துகொண்டு வருகிறார். முதலில் சாவி வைத்த இடம், பிறகு மருமகன் பேர், பிறகு சாப்பிட்டாயிற்றா என்பது, பிறகு கக்கூஸ் எந்தப் பக்கம் என்பது. டிக்கெட் மட்டும் மறக்கவில்லை.

"நீங்க மாடி எடுக்கிறீங்களாம்மா?" என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் கேட்டார், கையில் இவளுடையதைப் போலவே ஒரு ஃபைல். இல்லை, பின்னால் ஒரு ரூம் என்றாள். "மகனுக்கா? கல்யாணம் வச்சிருக்கீங்களோ?" ஆமா என்று சொல்லிவிட்டாள். வாயில் அதுதான் வந்தது. மகனே கிடையாது, ஒரே மகள் சுபத்ரா, அவள் ஓசூரில் இருக்கிறாள். ஆனால் அந்த ஆமா எவ்வளவு சுலபமாக இருந்தது, ஒரு நிமிஷம் பின்னால் கட்டப்போகிற அறையில் ஒரு கட்டில், புது மெத்தை, சிரிப்புச் சத்தம் எல்லாம் வந்துவிட்டுப் போயிற்று. "எல்லாரும் பாஸ் பண்ணியா கட்டுதாக," என்று அவர் தொடங்கினார், "எங்க தெருவுல ஒருத்தரும் பாஸ் பண்ணலை, கட்டிட்டுப் பேசாம இருக்காக. நான்தான் கூறுகெட்டுப் போய் இங்க உக்காந்திருக்கேன்." ஐசக்கும் அதைத்தான் முதலில் சொன்னான். "பத்துக்கு ஒம்பது ரூம், பின்னாடி, யாருக்குக்கா தெரியப் போகுது, ஒரு மாசத்துல எழுப்பிரலாம்." அவள்தான் முடியாது என்றாள். அவர் பெயரில் இருக்கிற வீடு. கூடப்பிறந்த தம்பியைக்கூட டிக்கெட் எடுக்காமல் ஏறியதற்கு நடு ரோட்டில் இறக்கிவிட்டவர். அவருக்காகக் கட்டுகிற ஒன்றை அனுமதி இல்லாமல் கட்டுவதா என்று தோன்றிற்று. அவருக்காகவா? இங்கேதான் ஒவ்வொரு தடவையும் நினைப்பு நின்றுவிடுகிறது, செருப்பில் முள் ஏறின மாதிரி, கழற்றிப் பார்த்தால் ஒன்றும் தெரிவதில்லை, போட்டால் குத்துகிறது. பிளான் வரையும்போது ஐசக் பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டான், "ஜன்னல் எங்கக்கா வைக்கணும்?" வேண்டாம் என்றாள். அவன் நிமிர்ந்து பார்த்தான். "ஜன்னல் இல்லாமலா? அட்டாச்சுடு பாத்ரூம் கேக்கிறீங்க, ஜன்னல் வேண்டாங்கிறீங்க." மேலே சின்னதாக ஒரு காற்றுப்போக்கி போதும் என்றாள். பிறகு கதவைப் பற்றிச் சொன்னாள், கதவு கனமாக இருக்க வேண்டும், தாழ்ப்பாள் வெளியே. உள்ளே வேண்டாம், வெளியே மட்டும். பென்சில் கொஞ்ச நேரம் தாளில் நின்றது. அவன் நல்ல பையன், வேறு ஒன்றும் கேட்கவில்லை, தாழ்ப்பாளெல்லாம் பிளானில் வராதுக்கா என்று மட்டும் சொன்னான். அறைக்குப் பேர் போட வேண்டும் என்று அவனாகவே ஸ்டடி என்று எழுதினான். படிக்கிற அறை. அந்த வீட்டில் யார் படிக்கப் போகிறார்கள்.

சுபத்ரா அவரை முதியோர் ஹோமில் சேர்த்துவிடலாம் என்கிறாள். போனில் அவள் குரல் ஒரு மாதிரி தயங்கித் தயங்கித்தான் வரும், கெட்ட பெண் இல்லை, அம்மா செத்துப்போய்விடுவாளோ என்று பயப்படுகிறாள். "நீ தூங்கி எத்தனை நாளாச்சும்மா, உண்மையச் சொல்லு." இரண்டு வருஷம். முழுசாக, தொடர்ந்து, முழிக்காமல் தூங்கி இரண்டு வருஷம். அவர் வேட்டி நுனியைத் தன் முந்தானையோடு முடிச்சுப் போட்டுக்கொண்டு படுப்பாள், அவர் எழுந்தால் இழுக்கும், இழுத்தால் முழிப்பு வரும். கல்யாணத்தில் போட்ட முடிச்சை இந்த வயதில் தினமும் போடுகிறேன் என்று ஒரு நாள் சிரிப்புகூட வந்தது. அப்படியும் ஒரு நாள் மத்தியானம், முடிச்சை அவரே அவிழ்த்துவிட்டு, அவ்வளவு நிதானமாக அவிழ்த்துவிட்டு, பைபாஸ் ரோட்டுக்குப் போய் நடுவில் நின்று கையைக் காட்டியிருக்கிறார். லாரிக்காரன் பிரேக் போட்ட சத்தம் டீக்கடை வரைக்கும் கேட்டதாம். கூட்டிக்கொண்டு வந்தவர்கள் சொன்னார்கள், "பெரியவர் எங்களையே ஆளுக்கு ஒரு சத்தம் போட்டாரும்மா, கடமையச் செய்ய விடமாட்டேங்கிறீங்கன்னு." அதற்கப்புறம்தான் ஹோமைப் போய்ப் பார்த்தாள், சுபத்ராவோடு. ஒன்றும் குறை சொல்வதற்கில்லை. சுத்தமான தரை, வரிசையாகக் கட்டில்கள், ஒவ்வொரு கட்டிலிலும் ஒருவர், எல்லோரும் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவர்கள் உள்ளே நுழைந்ததும் அத்தனை முகமும் திரும்பி, இவர்கள் இல்லை என்று தெரிந்ததும் திரும்பவும் கதவுக்குப் போயிற்று. பஸ்ஸில் வரும்போது சுபத்ராவிடம் ஒன்றே ஒன்று சொன்னாள், வீட்டிலேயே ஒரு ரூம் கட்டிக்கிடுதேன். அன்றைக்கு அது ஒரு விடையாக இருந்தது, மனசு லேசாகக்கூட இருந்தது. ஹோமும் இல்லை, பைபாஸும் இல்லை, ஒரு அறை. பத்துக்கு ஒன்பது. அவர் உள்ளே, அவள் வெளியே, நடுவில் ஒரு தாழ்ப்பாள், தூக்கம். தூக்கத்தை நினைத்தால் நாக்கில் எச்சில் ஊறுகிறது, சின்ன வயதில் புளியம்பிஞ்சை நினைத்தால் ஊறுகிற மாதிரி.

பன்னிரண்டுக்குப் பியூன் தங்கையா வெளியே வந்து, சார் சைட்டிலிருந்து கிளம்பிட்டார், இந்தா வந்துருவார் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் கதவைக்கூடத் தாண்டவில்லை, தலைக்கு மேலே ஃபேன் ஒரு முனகல் முனகி, வேகம் குறைந்து, நின்றது. உள்ளே கம்ப்யூட்டர்களெல்லாம் ஒன்றுபோல ஊவென்றன. "போச்சு," என்றார் பக்கத்தில் இருந்தவர், "கரண்டு இல்லைன்னா ஒரு வேலையும் ஓடாது." செண்பகவல்லி அண்ணாந்து ஃபேனையே பார்த்தாள். மூன்று இறக்கைகள், ஓரங்களில் கறுப்பாக ஒட்டடை. இங்கே நின்றால் அங்கேயும் நின்றிருக்குமா? அங்கே வேறு லைன் என்று சொல்வார்கள், ஆனால் போன தடவை ஊர் முழுக்க ஒன்றாகத்தான் போயிற்று. சித்திரை வெயில். சாத்தின ஜன்னல். சாத்தின கதவு. மேலே சிமெண்டு கூரை பன்னிரண்டு மணிக்கு எப்படி இறங்கும் என்று அவளுக்குத் தெரியும். அவர் தூங்கிக்கொண்டிருந்தால் வேர்த்துக்கொண்டே தூங்குவார். ஒன்றரை மாத்திரையில் தூங்குகிறவருக்கு வேர்ப்பது தெரியுமா, மூச்சு முட்டினால் எழுந்திருக்கத் தெரியுமா? எழுந்திருக்காவிட்டால்? இந்த இடத்தில் அவளுக்குள் என்னவோ ஒன்று அசையாமல் நின்றது. எழுந்திருக்காவிட்டால் என்ற நினைப்பு பயமாகத்தான் வந்தது, சத்தியமாகப் பயமாகத்தான், ஆனால் அது வந்து உட்கார்ந்த விதம் பயம் உட்காருகிற மாதிரி இல்லை, வெகுதூரம் நடந்து வந்தவர் பெஞ்சில் உட்காருகிற மாதிரி இருந்தது. அவள் சட்டென்று எழுந்து நின்றாள், ஃபைல் மடியிலிருந்து விழுந்தது, பிளான் பாதி விரிந்து தரையில் கிடந்தது. "என்னம்மா, தலை சுத்துதா?" இல்லை என்றாள். குனிந்து எடுத்தாள். மறுபடி உட்கார்ந்தாள். ஏன் உட்கார்ந்தாய், போகலாமே? போனால் பத்து நாள். பத்து நாளும் முடிச்சு. பத்து நாள் கழித்து டீச்சர் வருவாளோ, ஆய்வாளர் இருப்பாரோ. டீச்சருக்குப் போன் போட்டுப் பார்த்தாள், அணைத்து வைக்கப்பட்டுள்ளது என்று ஒரு பெண் சந்தோஷமாகச் சொன்னாள். வேறு யாரிடம் சாவி இருக்கிறது? யாரிடமும் இல்லை. ஒரே சாவி, அது இடுப்பில் சொருகியிருக்கிறது, தொட்டால் சுடுகிறது. பன்னிரண்டேகால். பன்னிரண்டு இருபதுக்குக் கிளம்பினால் போதும் என்று சொன்னது எப்போது, அது வேறு யாரோ சொன்ன மாதிரி இருக்கிறது. இன்னும் அஞ்சு நிமிஷம் பார்ப்போம். அஞ்சு நிமிஷம் ஆனதும் இன்னும் அஞ்சு. இத்தனை நேரம் இருந்துவிட்டு இப்போது போவதா. இருக்க இருக்க போகமுடியாமல் ஆகிக்கொண்டிருந்தது.

போன செவ்வாய்க்கிழமை அவரை அடித்துவிட்டாள். இதை யாரிடமும் சொல்லவில்லை, டீச்சரிடமும் இல்லை, சாமியிடமும் இல்லை. காலையிலிருந்து மூன்றாவது தடவையாக வேட்டியை நனைத்துக்கொண்டு, அதை அவிழ்த்துக் குடிதண்ணீர்க் குடத்துக்குள் திணித்திருந்தார். அவள் பார்த்தாள். அடுத்து நடந்தது அவளுக்கு முழுதாக ஞாபகம் இல்லை, அவருடைய ஞாபகம் போன மாதிரி அவளுக்கும் அந்த ஒரு நிமிஷம் போய்விட்டது. ஞாபகம் இருப்பது சத்தம்தான், முதுகில் கை விழுந்த சத்தம், ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றாவதில் அவர் சுவரோடு ஒண்டிக்கொண்டு இரண்டு கையையும் கூப்பினார். "அடிக்காதீங்க சார். தெரியாம ஏறிட்டேன் சார். அடுத்த ஸ்டாப்புல எறங்கிர்றேன் சார்." அவளுக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. அதை அவர் எங்கே கற்றுக்கொண்டார் என்று அவளுக்குத் தெரியும். முப்பத்தொரு வருஷம் ஒவ்வொரு பஸ்ஸிலும் ஒவ்வொருத்தர் அவரிடம் கைகூப்பிச் சொன்னது அது. சாயங்காலம் வந்து காலைக் கழுவிக்கொண்டே சொல்வார், "இன்னைக்கு ஒருத்தன் அழுதே போட்டான்." பிறகு காபி குடிப்பார். இத்தனை நாளும் இன்ஸ்பெக்டராகத்தான் இருக்கிறார் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள், அதில் ஒரு ஆறுதல்கூட இருந்தது, எல்லாம் போனாலும் அந்த மிடுக்கு போகவில்லை என்று. எப்போது அவர் இந்தப் பக்கம் வந்தார், கைகூப்புகிறவனாக எப்போது ஆனார், நான்தான் ஆக்கினேனா. அவரைத் துடைத்து, புது வேட்டி கட்டிவிட்டு, சோறு ஊட்டும்போது அவர் சாதாரணமாகச் சிரித்தார், உப்பு கம்மி என்றார். மறந்துவிட்டார். அவருக்கு அது ஒரு வசதி. மறுநாள் காலையில் ஐசக்கைக் கூப்பிட்டு, பிளான் எப்பப்பா பாஸ் ஆகும், சீக்கிரம் பாரு என்று சொன்னது அதனால்தான். அவர் ரோட்டுக்குப் போய்விடுவார் என்பதற்காக மட்டும் இல்லை. தன் கைக்கும் அவர் முதுகுக்கும் நடுவில் ஒரு கதவு வேண்டும் என்பதற்காக. அப்படியென்றால் தாழ்ப்பாள் யாரைப் பூட்ட?

கரண்ட் வரவில்லை, ஆய்வாளர் வந்தார். நாற்பது வயதிருக்கும், சட்டை முதுகில் வேர்வை வரைபடமாக இறங்கியிருந்தது, கையில் ஹெல்மெட். தங்கையா செண்பகவல்லியைக் காட்டி ஏதோ சொல்ல, அவளைத்தான் முதலில் கூப்பிட்டார். "உக்காருங்கம்மா. ரொம்ப நேரமா இருக்கீங்களாமே." அவள் ஃபைலை நீட்டினாள். பிளானை ஜன்னல் பக்கம் வெளிச்சத்தில் விரித்தார். விரலை வீட்டின் முன்பக்கத்திலிருந்து நகர்த்திக்கொண்டே வந்தார், ஹால், அடுப்படி, படுக்கையறை, விரல் புது அறையில் வந்து நின்றது. "இது ஸ்டடின்னு போட்டிருக்கு. ஜன்னலே இல்லையே?" மேலே காற்றுப்போக்கி இருக்கு சார் என்றாள். அவர் சிரித்தார். "அது ஸ்டோருக்குச் சரிம்மா. ஆள் புழங்குற ரூம்னா ஜன்னல் காட்டியே ஆகணும். ஜன்னல் வச்சா வெளிய அதுக்குத் தகுந்த இடம் விடணும், ரூம் அளவு குறையும். பிளானைத் திருப்பி வரைஞ்சு, முதல்லேர்ந்து போடணும். நானும் ஊர்ல இருக்க மாட்டேன், வந்துதான் பாக்கணும்." எத்தனை நாள் சார் ஆகும்? "ஒன்றரை மாசம் வச்சுக்கிடுங்க." ஒன்றரை. அவர் அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும், குரலைத் தணித்துக்கொண்டார். "இல்லை, ஒண்ணு செய்யலாம். இது சாமான் போடற ரூம்தான்னா, ஸ்டோர்னு திருத்தி ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுங்க. அதுக்கு ஜன்னல் தேவையில்லை, இப்பவே முடிச்சு விட்டுருதேன். கரண்டு வந்ததும் கம்ப்யூட்டர்ல ஏத்திருவாங்க. வயசானவங்க, உங்களை ஏன் அலைய விடணும்." பேனாவை மூடி கழற்றி அவள் பக்கம் நீட்டினார். "சொல்லுங்க. ஆள் புழங்குற ரூமா, சாமான் போடற ரூமா?"

பேனாவை வாங்கிக்கொண்டாள். நல்ல மனுஷர், கண்ணில் ஒரு சூதும் இல்லை, இவள் அலையக் கூடாது என்று நினைக்கிறார். ஒரு வார்த்தைதானே. தாளில் என்ன எழுதியிருந்தால் என்ன, ஸ்டடி என்று எழுதியிருந்ததும் பொய்தான், ஆமா மகனுக்குத்தான் என்று வெளியே சொன்னதும் பொய்தான், இது மூன்றாவது. ஸ்டோர் என்று எழுதிவிட்டால் ஒரு மாதத்தில் சுவர் எழும்பிவிடும், ஒரு மாதத்தில் தூக்கம். சாமான் போடுகிற அறை. பழைய டிரங்குப் பெட்டி, உடைந்த மிக்ஸி, பண்டிகைக்கு மட்டும் எடுக்கிற அண்டா, அப்புறம் அவர். அண்டாவுக்குப் பக்கத்தில் அவர் உட்கார்ந்திருப்பதை அவள் பார்த்தாள், நினைத்துப் பார்க்கவில்லை, பார்த்தாள், காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு, காலைச் சேர்த்து வைத்துக்கொண்டு, யாராவது வந்து எடுத்துப் போகட்டும் என்று. ஆய்வாளரின் மேசையில் வெயில் ஒரு கட்டம் விழுந்திருந்தது, அவள் கை அதற்குள் இருந்தது, கைக்குச் சூடாக இருந்தது, எத்தனையோ நேரமாக இந்த வெயில் இங்கே இருந்திருக்கிறது. "அம்மா?" என்றார் அவர். மணி பன்னிரண்டு ஐம்பது. "ஆள் புழங்குற ரூம்தான் சார்," என்றாள். சத்தம் தேவைக்கு மேல் பெரிதாக வந்துவிட்டது, பக்கத்து மேசைக்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார். "எங்க வீட்டுக்காரர் இருக்கப்போற ரூம் சார்." ஆய்வாளர் பென்சிலை எடுத்தார். "அப்ப ஜன்னல் எந்தப் பக்கம்னு சொல்லுங்க, குறிச்சுத் தாறேன், உங்க இன்ஜினியர்கிட்டக் காட்டுங்க. கிழக்கே அடுத்த வீட்டுச் சுவர் இருக்கு." தெற்கே என்றாள். தெற்கே என்ன இருக்கிறது என்று அப்போதுதான் யோசித்தாள், முருங்கை மரம், துணி காயப்போடுகிற கொடி, அதற்கு அப்பால் பின்பக்கத்துத் தெரு. கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். தெருவைக் கூப்பிடுவார். கூப்பிடட்டும். ஆய்வாளர் சுவரில் இரண்டு சின்னக் கோடு போட்டு, மூன்றடிக்கு நாலடி என்று எழுதினார். அதை மடித்து வாங்கிக்கொண்டு படியிறங்கினாள். ஒன்றரை மாதம் என்பது அப்போதுதான் முழுசாக அவள் மேல் வந்து இறங்கிற்று. நாற்பத்தைந்து நாள், நாற்பத்தைந்து முடிச்சு. நான் என்ன செய்துவிட்டு வருகிறேன், ஒரு வார்த்தைக்காக. திரும்பிப் போய் எழுதிக் கொடுத்துவிடலாமா? ஆட்டோ வந்து நின்றது.

வீட்டில் சத்தமே இல்லை. வாசல் பூட்டைத் திறக்கும்போது சாவி இரண்டு தடவை நழுவியது. ஹாலில் டி.வி.யின் சிவப்புப் பொட்டு எரியவில்லை, இங்கேயும் கரண்ட் இல்லை, எப்போதிலிருந்து இல்லையோ. படுக்கையறைத் தாழ்ப்பாளை விலக்கித் தள்ளினாள், கதவு ஒரு விரற்கடை போய் நின்றுவிட்டது. உள்ளே எதுவோ தடுத்தது, மெத்தென்று, கனமாக. இன்னும் தள்ளினாள், தள்ளும்போதே அது என்ன என்று தெரிந்துவிட்டது, கையை எடுத்துவிட்டாள். "ஏங்க." கதவைத் தட்டினாள். "ஏங்க, இங்க பாருங்க." தரையில் உட்கார்ந்தாள், பிறகு படுத்தாள், கன்னத்தைத் தரையில் வைத்துக் கதவுக்கு அடியில் இருந்த இடுக்கில் பார்த்தாள். முதலில் இருட்டு. பிறகு நரைத்த தாடி, ஒரு மூக்கு, திறந்திருந்த ஒரு கண். அந்த இடுக்கில் முகத்தை வைத்துக்கொண்டு அவர் படுத்திருந்தார். கண் அவளைப் பார்த்துச் சிமிட்டியது. கன்னத்தைத் தரையிலிருந்து எடுக்காமலே கேட்டாள், "என்ன செய்யுதீங்க அங்க?" "இங்கதான் காத்து வருது," என்றார். வறண்டு போன குரல், ஆனால் தெளிவாக இருந்தது. எத்தனை நேரமாகப் படுத்திருக்கிறீர்கள் என்று கேட்க வாயெடுத்தாள், கேட்டு என்ன ஆகப்போகிறது, அவருக்குத் தெரியாது, ஒரு நிமிஷம் என்பார், பத்து வருஷம் என்பார். அவருடைய மூச்சு இடுக்கு வழியாக அவள் முகத்தில் பட்டது, இட்லி வாசனையும் மாத்திரைக் கசப்பும். "கொஞ்சம் தள்ளிப் படுங்க, கதவைத் திறக்கணும்." அவர் தள்ளவில்லை. இரண்டு விரல் மட்டும் இடுக்கின் வழியாக வெளியே வந்து தரையைத் தடவின. அவள் அந்த விரல்களைப் பிடித்துக்கொண்டாள். ஆளுக்கு ஒரு பக்கமாகச் சும்மா படுத்திருந்தார்கள். தரை குளிர்ச்சியாகத்தான் இருந்தது. அவளுக்குக் கண் சொருகியது, இப்படியே தூங்கிவிடலாம் போலிருந்தது. தூங்கினால் வாசல் கதவு திறந்து கிடக்கிறது, தூங்கக் கூடாது, எழுந்து போய்ச் சாத்த வேண்டும், சாத்தினால் உள்ளே இருக்கிற இந்தக் காற்றும் நின்றுவிடும். "பின்னால ரூம் கட்டப் போறோம்லா," என்றாள், எதையாவது சொல்ல வேண்டும் என்று. "ஜன்னல் தெக்க பாத்து வைக்கச் சொல்லியிருக்கேன்." விரல்கள் அவள் கைக்குள் அசைந்தன. பிறகு, "தெக்கன்னா நல்லதுதான்," என்றார், வீட்டு விஷயங்களை அவர் முடிவு செய்துகொண்டிருந்த காலத்துக் குரலில். அவள் எழுந்துவிட்டாள், சுவரைப் பிடித்துக்கொண்டு. உள்ளே அவரும் எழுந்திருக்கிற சத்தம் கேட்டது, முட்டி சொடக்குப் போட்டது, கை சுவரைத் தேடியது. கதவு உள்பக்கமாக விலகியது. இருட்டறையில் வேர்த்து நனைந்த பனியனோடு, கன்னத்தில் தரையின் தடம் பதிந்து, அவர் நின்றார். அவளை யாரென்று பார்த்தாரோ, மேலும் கீழும் பார்த்தார்.

"வெளிய ஏன் நிக்கே?" என்றார். "உள்ள வா."

வாசல் கதவை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, அவள் உள்ளே போய் ஜன்னலைத் திறந்தாள்.